வெள்ளிக்கிழமையும் கல்ஃப் பேக்கும்

குளச்சலில் ஒரு இண்டர்நெட் கம்பெனியின் நெட்வொர்க் அறை என் பொறுப்பில் இருந்தது. வெள்ளிக்கிழமை என்றாலே எங்கள் லைனில் நெரிசல்தான். குவைத்தில் அன்றுதான் லீவு. இங்கே வீட்டுக்கு வீடு வீடியோ காலுக்கு உட்கார்ந்துவிடுவார்கள். அதைப் பார்த்துத்தான் முதலாளி ‘கல்ஃப் பேக்’ என்று ஒரு கட்டணத் திட்டம் கொண்டுவந்தார். கூடுதலாகக் கட்டுகிறவர்களுக்குக் கால் தெளிவாகப் போகும். மற்றவர்களுக்கு வீடியோ காலை மட்டும் மெதுவாக்க ரூட்டரில் ரூல் போடச் சொன்னார். இது சரியா என்று கேட்டேன்.

“வயரு நம்மது மக்கா. அதுல எது ஓடணும், எது நடக்கணும்னு நாமதான் சொல்லணும்” என்றார். ரூலைப் போட்டேன்.

அடுத்த வாரமே எங்கள் தெரு பிலோமி அக்கா கவுண்டரில் வந்து நின்றார். அவர் வீட்டுக்காரர் குவைத்தில்.

“சினிமா எல்லாம் நல்லா ஓடுது. எங்க வீட்டுக்காரரு மட்டும் தெறந்த வாயோட அப்படியே நிக்காரு. அது என்னட்டி?”

பேக் போடச் சொன்னேன். அவர் போய் ஸ்டெல்லாவிடம் கனெக்‌ஷன் வாங்கிக்கொண்டார்.

ஸ்டெல்லா பாலிடெக்னிக்கில் என்னோடு படித்தவள். லேபில் எப்போதும் அவள் முதல், நான் இரண்டாவது. அந்த எரிச்சல் ஆறுவதற்குள் பக்கத்துத் தெருவில் சொந்தமாக இண்டர்நெட் சர்வீஸ் தொடங்கிவிட்டாள். எங்கள் வேகத்தில் பாதிகூட அவளிடம் கிடையாது. ஆனாலும் எங்கள் கஸ்டமர்கள் ஒவ்வொருவராக அங்கே போனார்கள். கரண்ட் போஸ்ட்டில் அவள் வயர் ஏறுவதைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது. யாரையோ கைக்குள் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். கடைசியில் சித்தி வீட்டில் அவள் கனெக்‌ஷனைச் சோதித்தே பார்த்தேன். சினிமாவும் வீடியோ காலும் ஒன்றுபோல, சுமாராக, ஆனால் நிற்காமல் ஓடின. எதையும் அவள் தனியாகப் பிடித்து வைக்கவில்லை. அவ்வளவுதான் அவள் வித்தை.

பிறகு நாடு முழுக்க விதி வந்தது. எந்த டேட்டாவாக இருந்தாலும் கம்பெனி பாகுபாடு காட்டக் கூடாது. முதலாளி சொல்ல, ரூலை நானே அழித்தேன். இனி எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்ற தெம்பில் அன்றைக்கே பிலோமி அக்கா வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

அக்கா காப்பியை நீட்டினார்.

“ஒங்களுக்குக் கெவர்மெண்டு சொல்ல வேண்டியிருக்கு. ஸ்டெல்லாவுக்கு ஒருத்தரும் சொல்லல்லியே மக்கா.”

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: விதி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பிடித்து வைத்த வேகத்தை ஒரே நாளில் விட்டுவிடலாம். போன ஆள் வரமாட்டார்.

ஸ்டெல்லா மேல் எனக்குப் பொறாமை இன்றும் உண்டு. அந்த வருஷம் பிலோமி அக்கா வீட்டுக்காரர் லீவில் வந்தார். சாக்லேட் பெட்டியோடு என் வாசலைத் தாண்டி ஸ்டெல்லா வீட்டுக்குத்தான் போனார்.