விக்கல் நின்ற காரணம்

வானொலியில் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று ஊரெல்லாம் சொன்னேனே, அதுதான் நான் செய்த தப்பு. வாயை மூடிக்கொண்டிருந்தால் போய் எதையோ உளறிவிட்டு வந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. பி.எட். கல்லூரியில் என்னோடு வேலை பார்ப்பவர்களிடம் சொன்னேன். முத்தையாபுரத்தில் எங்கள் தெரு முழுக்கச் சொன்னேன். தாமிரபரணிக் கரையில் நெல் விதைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்த சொந்தக்காரர்களைக்கூட விடாமல் போன் போட்டுச் சொன்னேன். காலை பதினொரு மணிக்கு, பத்து நிமிஷம், நேரடி ஒலிபரப்பு. தலைப்பு, ‘அறிவு எங்கிருந்து வருகிறது’.

அது நான் வருஷா வருஷம் நடத்தும் பாடம். பிறர் சொல்லித் தெரிந்தது, பழக்கத்தில் வந்தது, சொந்த அனுபவத்தில் கண்டது என்று கரும்பலகையில் ஏணி வரைந்து, மேல்படியில் அறிவியலை உட்கார வைப்பேன். சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்பாதே, கிடைத்த தரவில் ஒரு புள்ளியைக்கூடத் திருத்தாதே. இந்த இரண்டையும் சொல்லும்போது நான் மூக்கைச் சுருக்குவேனாம். வராந்தாவில் என் மாணவிகள் அதே மாதிரி மூக்கைச் சுருக்கிப் பேசிச் சிரித்ததை நானே பார்த்திருக்கிறேன்.

ஒலிபரப்புக்கு முந்தின நாள் மதியம், பாதிச் சாப்பாட்டில் விக்கல் வந்தது. தண்ணீர் குடித்தேன், நிற்கவில்லை. மூன்று மணி வரை பொறுத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. கடிகாரத்தை முன்னால் வைத்து எண்ணினேன். நிமிஷத்துக்கு எட்டு. பத்து நிமிஷப் பேச்சில் எண்பது விக்கல் வரும் என்று கணக்குப் போட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தைக்கு இதில் சந்தேகமே இல்லை. யாரோ என்னை நினைக்கிறார்கள், அவ்வளவுதான். நினைப்பவர் பெயரைச் சரியாகச் சொன்னால் விக்கல் நின்றுவிடும் என்று, என் அம்மாவில் ஆரம்பித்து, சித்திமார், சித்தப்பாமார் எல்லாரையும் முடித்து, போன வாரம் எங்களுக்குச் சீலா மீன் விற்ற அம்மாள் வரைக்கும் சொல்லிப் பார்த்தாள். அந்த அம்மாள் என்னை எதற்கு நினைக்க வேண்டும் என்று கேட்டேன். நான் பேரம் பேசின பேச்சுக்கு இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டாள் என்றாள் அத்தை.

இதெல்லாம் சரிப்படாது என்று ஒரு நோட்டை எடுத்தேன். வைத்தியம், நேரம், பலன் என்று மூன்று பத்தி பிரித்தேன். ஒரு நேரத்தில் ஒரு வைத்தியம்தான், அடுத்ததற்குக் கால் மணி நேரம் இடைவெளி. இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது வேலை செய்தது என்று கண்டுபிடிக்க முடியாது. வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டு இந்த விதியை வாசித்துக் காட்டினேன். எல்லாரும் என்றால் அத்தையும் என் வீட்டுக்காரரும்தான்.

தெருமுனைக் கடை அண்ணாச்சி, சீனியை நாக்குக்கு அடியில் வைக்கச் சொன்னார். சொன்ன கையோடு, மக்ரூனில் சீனியோடு முந்திரியும் முட்டையின் வெள்ளைக்கருவும் இருப்பதால் அது மூன்று மடங்கு கேட்கும் என்று ஒரு பொட்டலத்தை நீட்டினார். ஐந்து தின்றேன். விக்கல் இனிப்பாக வந்தது.

எங்கள் கல்லூரியின் விலங்கியல் ஆசிரியை காகிதப் பைக்குள் மூச்சு விடச் சொன்னார். இது அறிவியல் என்று எனக்கு ஒரே தெம்பு. வீட்டில் இருந்த ஒரே காகிதப் பை நெத்திலிக் கருவாடு வந்த பை. பரவாயில்லை என்று முகத்தை அதற்குள் நுழைத்த நேரம் பார்த்து, அத்தை பின்னால் வந்து ஒரு செம்புத் தண்ணீரைப் பிடரியில் ஊற்றினாள். இரண்டு வைத்தியத்தையும் கலந்துவிட்டீர்களே என்று பைக்குள்ளிருந்தே கத்தினேன். நோட்டில் அந்த வரிசை முழுவதையும் அடிக்க வேண்டியதாயிற்று.

சாயங்காலம் போய்ப் பார்த்த டாக்டர், மருந்துச் சீட்டில் உதரவிதானத்தை அழகாகப் படம் போட்டு விளக்கினார். படத்தைப் பார்த்ததுமே பாதி குணமான மாதிரி இருந்தது. மாத்திரை சாப்பிட்டால் தூக்கம் வரும், பேச வேண்டியிருந்தால் வேண்டாம் என்றார். நான் எழுந்து வாசல் வரை வந்த பிறகு, குரலைத் தாழ்த்தி, வீட்டில் யாரையாவது திடீரென்று அதிர்ச்சி கொடுக்கச் சொல்லுங்கள் என்றார். இதை அறிவியல் என்று எழுதுவதா, கேள்விப்பட்டது என்று எழுதுவதா என்று எனக்கு விளங்கவில்லை.

தூக்கத்தில் விக்கல் நின்றிருக்கிறது. காலையில் பல் தேய்க்கும்போது திரும்ப வந்தது, பற்பசை கண்ணாடியில் தெறித்தது. அப்படியென்றால் இது கிரகக் கோளாறுதான் என்று அத்தை முடிவு கட்டிவிட்டாள். “வெள்ளிக்கெழம ஒன் ஜாதகத்த ஜோசியர்ட்ட கொண்டு போய்க் காட்டுதேன். நீ பயப்படாத ஏளா, ஒங்களுக்குப் பத்துக்குப் பத்துப் பொருத்தம்லா.”

பதினாறு வருஷமாக இந்தப் பத்துக்குப் பத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்திருந்தது. என் அப்பா கைப்பட எழுதிக் கொடுத்த பிறந்த விவரச் சீட்டைப் பூஜை அலமாரியில் பஞ்சாங்கத்துக்குள் வைத்துப் பாதுகாத்துவருகிறாள் அத்தை. நான் ஜாதகத்தை நம்புவதில்லை. மில்லில் மதியம் ஒரு மணிச் சங்கு ஊதி முடிப்பதற்குள் நான் பிறந்து அழுதுவிட்டேன் என்று அம்மா சொல்வாள். என் பிறப்பைப் பற்றி எனக்கு அது போதும்.

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் கன்டெய்னர் நம்பர்களைச் சரிபார்த்து எழுதும் வேலை. ஒரு எண் மாறினால் பெட்டி வேறு தேசத்துக்குப் போய்விடும் என்பார். சமையலறைக் காலண்டரில் பால்காரர் வராத நாளைக்கூட மூன்று தடவை சரிபார்த்துத்தான் குறிப்பார். முந்தின நாள் முழுக்க அவர் எனக்கு ஒரு வைத்தியமும் சொல்லவில்லை. டீ மட்டும் போட்டுக் கொடுத்தார். காலையில் பைக்கில் என்னை வானொலி நிலையத்துக்குக் கூட்டிப் போனார். ஒவ்வொரு விக்கலுக்கும் அவர் முதுகில் என் நெற்றி இடித்தது.

பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. ஒலிபரப்பு அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தாள்களைப் பிடித்திருந்தேன். ‘அறிவு’ என்ற முதல் சொல்லையே என்னால் முழுசாகச் சொல்ல முடியவில்லை. உள்ளே போக மாட்டேன், திரும்பிப் போய்விடலாம் என்றேன். அவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

“ஒங்கப்பா குடுத்த சீட்ட, நம்ம கல்யாணம் பேசையில, ஜோசியர்ட்ட நான்தான் கொண்டு போனேன். பொருந்தல. கட்டினா வெளங்காதுன்னுட்டாரு” என்றார்.

“பத்துக்குப் பத்துன்னு அத்தை சொல்லுதாங்க?”

“ஒரு மணின்னு எழுதியிருந்துச்சு. ஒண்ணுக்குத் தலையில ஒரு கோடு போட்டு ஏழாக்கிட்டேன். வேற ஜோசியர்ட்ட போனேன். பத்தும் பொருந்திட்டு.”

எதற்காக என்று கையால் கேட்டேன்.

“பஸ் டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்ச டிரைவர்ட்ட நீ ஒரு நாள் சண்ட போட்டல்லா. நானும் அந்தப் பஸ்ஸுலதான் இருந்தேன். பொண்ணு போட்டோவப் பாத்ததும் அந்தப் பிள்ளதான்னு தெரிஞ்சிட்டு.”

ஜாதகத்தையே நம்பாதவளுக்கு அது பொருந்தாமல் போனால் என்ன? ஒன்றும் இல்லை. ஆனால், பதினாறு வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து பால்காரர் கணக்கை மூன்று தடவை சரிபார்த்த மனிதர் இந்த வேலை பார்த்திருக்கிறார். கோபம் வந்தது, அதற்கு மேல் வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. அதற்குள் உள்ளேயிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்பாதீர்கள் என்று பத்து நிமிஷம் கணீரென்று பேசிவிட்டு வெளியே வந்த பிறகுதான் விக்கல் நின்றிருப்பதைக் கவனித்தேன்.

உண்மையைச் சொன்னீர்களா, வைத்தியத்துக்காகக் கட்டிவிட்டீர்களா என்று திரும்பும் வழியெல்லாம் கேட்டேன். நின்றுவிட்டதல்லவா என்று மட்டும் சொன்னார். வீட்டிலோ ஆளுக்கு ஒரு காரணம் தயாராக இருந்தது. பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்னால் என் செத்துப்போன அப்பா பெயரைச் சொன்னதால்தான் நின்றது என்றாள் அத்தை. மக்ரூன் மெதுவாகத்தான் கேட்கும் என்றார் அண்ணாச்சி. இருந்தாலும் வெள்ளிக்கிழமை ஜோசியரைப் பார்க்கிற திட்டத்தில் மாற்றமில்லை என்றாள் அத்தை.

வியாழக்கிழமை அவள் குளிக்கப் போன நேரம் பஞ்சாங்கத்தைத் திறந்தேன். சீட்டு இருந்தது. அப்பாவின் கையெழுத்து, வெளிறிப்போன நீல மை. பி.ப. என்று எழுதி, பக்கத்தில் ஒன்றாம் எண். அதன் தலையில் கறுப்புப் பேனாவால் ஒரு தொப்பி. துறைமுகத்தில் அவர் எழுதும் அதே மாதிரிப் பேனா. இப்படியா ஒருவர் திருட்டு வேலை பார்ப்பார்? நீலம் வெளிறாத அன்றைக்குத் தப்பித்துவிட்டார், இன்றைக்கு எந்த ஜோசியரும் கண்ணாடி போடாமலே கண்டுபிடித்துவிடுவார்.

தரவில் ஒரு புள்ளியைக்கூடத் திருத்தாதே என்று அவ்வளவு வருஷம் சொன்ன நான், என் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து அந்தக் கறுப்புப் பேனாவை எடுத்தேன். ஏழின் காலை அதே கறுப்பில் கெட்டியாக எழுதினேன். அது மட்டும் தனியாகத் தெரிந்ததால் தேதி, மாதம், ஊர் பெயர் எல்லாவற்றின் மேலும் ஓட்டினேன். ஊதிக் காயவைத்தேன். குளியலறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்பதற்குள் சீட்டு பஞ்சாங்கத்துக்குள் போய்விட்டது. நோட்டில் ‘அதிர்ச்சி’ என்று எழுதியிருந்த கடைசி வரியின் பலன் பத்தியை மட்டும் நிரப்பாமல் விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அத்தை பூரித்துப்போய் வந்தாள். ஜோசியர் சீட்டைப் பார்த்ததும், இந்த நேரத்தில் பிறந்தவள் வாயில் பொய் வராது, கையில் தப்புத் தண்டா வராது, இப்படி ஒரு மருமகள் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றாராம்.

என் வீட்டுக்காரருக்குப் புரையேறிவிட்டது. டீ மூக்கு வழியாக வந்தது. அத்தை ஓடிப்போய் அவர் உச்சந்தலையில் தட்டி, “யாரோ ஒன்ன நெனைக்காவலே” என்றாள்.

அது சரிதான். எதிரே உட்கார்ந்து நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.