அடுப்படி ஆணியில் ஒரு மௌன அட்டை

என் வீட்டு அடுப்படி ஆணியில் பழுப்பேறிய அட்டை ஒன்று தொங்குகிறது. சிவப்பு மையில் 'மௌனம்' என்று எழுதி, கழுத்தில் மாட்டக் கயிறு கோத்தது. எண்பதுகளில் ஒரு கோடை விடுமுறையில், ஏற்காட்டு எஸ்டேட் பங்களா ஒன்றில் நடந்த யோக முகாமில் கிடைத்தது. வடக்கிலிருந்து வந்த குரு இங்கிலீஷில் பேசுவார். சேலத்தில் டீச்சராக இருந்த நான் அதைத் தமிழில் சொல்ல வேண்டும். உடம்பு நீ அல்ல, பெயர் நீ அல்ல, பேச்சை நிறுத்தினால் உன்னை அறிவாய் என்று தினமும் இதே பாட்டு. வந்திருந்த நாற்பது பேரும் அட்டையை மாட்டிக்கொண்டு வாயை மூடினார்கள். அதோடு விட்டிருக்கலாம். அடுப்படிப் பேச்சு தியானத்தைக் கெடுக்கிறதாம். சமையல்காரம்மாவுக்கும் கூடமாட வேலை செய்த பெண்ணுக்கும்கூட முகாம் நிர்வாகி அட்டை மாட்டிவிட்டார்.

மூன்றாம் நாள் சாம்பாருக்குச் சமையல்காரம்மா உப்புப் போட்டார். அது தெரியாமல் அந்தப் பெண்ணும் போட்டாள். அடக் கொடுமையே, நாற்பது பேரும் அந்த உப்புக் கரித்த சாம்பாரை முகம் சுளிக்காமல் விழுங்கினார்கள், யார் பேசுவது? அட்டை மாட்டாத குரு மட்டும் முதல் வாயிலேயே துப்பிவிட்டார். நிர்வாகி சமையல்காரம்மாவைக் கூட்டத்தின் நடுவே நிறுத்தி, குருவிடம் மன்னிப்புக் கேள், இல்லாவிட்டால் இன்றே கிளம்பு என்றார். பக்கத்து ஊரான மஞ்சக்குட்டையில் இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவருக்கு இந்த வேலைதான் கதி. அவர் அட்டையைக் கழற்றினார்.

"ஏனுங்க, பேசாம இருந்தா நம்மள நமக்குத் தெரியும்ங்கறீங்க. எங்க ஊட்டுக்காரருகூடப் பன்னெண்டு வருசம் வாயே தொறக்காம இருந்தனுங்க. அவரு கோவம்தான் எனக்குத் தெரிஞ்சுது. இனி ஒரு அடி உழுந்தா இருக்க மாட்டேன்னு சொன்ன அன்னைக்குத்தான், நான் யாருன்னு எனக்கே தெரிஞ்சுதுங்க. இந்த அட்டை எனக்கு வேண்டாமுங்க."

குரு என்னைப் பார்த்தார். "மன்னிப்புக் கேட்கிறார்" என்று இங்கிலீஷில் சொன்னேன். சமையல்காரம்மாவின் வேலையைக் காப்பாற்றத்தான் என்று இன்று சொன்னால் பொய். என் தலை உருளுமே என்ற பயம். குரு சிரித்துக்கொண்டே கையை உயர்த்தி ஆசீர்வதித்தார்.

"ஏனுங்க டீச்சர், நான் சொன்னதுக்கு அவரு எதுக்குங்க சிரிக்கறாரு?" என்றார் சமையல்காரம்மா.

ஆத்ம ஞானம், தன்னை அறிதல் என்று மூன்று நாளாக வாய் வலிக்க மொழிபெயர்த்தவள் ஒரு பயந்தாங்கொள்ளி என்று அந்த நிமிடம்தான் எனக்குத் தெரிந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்து நின்று, அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். மன்னிப்பு நான் இட்டுக்கட்டியது என்பதையும் சொன்னேன். குருவின் சிரிப்பு நின்றது. நிர்வாகி எங்கள் இருவரையும் அப்போதே வெளியே அனுப்பினார். மஞ்சக்குட்டை ஜீப்பில் ஏறும்போது சமையல்காரம்மா அட்டையை என் கையில் திணித்து, "அடுப்பு விசிறவாச்சும் ஆவும், வெச்சுக்கங்க டீச்சர்" என்றார். அந்த மொழிபெயர்ப்பு வேலை போனதில் எனக்கு இன்றுவரை ஒரு துளி வருத்தம் இல்லை.

போன வாரம் என் மகன், என்னைக் கேட்காமலே இந்த வீட்டை விற்பதற்கு ஆள் பேசிவிட்டு வந்தான். நான் வாயைத் திறந்ததும், "வயசாச்சு, பேசாம இரும்மா" என்றான். ஆணியிலிருந்து அட்டையை எடுத்து அவன் கழுத்தில் மாட்டினேன்.

"இப்ப நீ பேசாம இரு சாமி. நான் பேசறேன்."