நேற்றைய ஐந்து வாக்கியங்கள்

பெரியவர்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பது என்பது, ஊர் வம்பை அவரவர் வாயாலேயே, தப்பைத் திருத்தித் திருத்திக் கேட்கிற தொழில். வங்காளத்தின் பெஹாலாவில் எங்கள் ஃப்ளாட்டின் முன்னறையில் பதினெட்டு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். ட்யூஷன் எடுத்துத் தொண்டை கட்டிப்போன சக ஜீவன்களுக்கு என் கஷ்டம் புரியும்.

சட்டம் போட்ட கதை

இறந்தகாலம் என்றாலே என் காலை வகுப்புக்கு ஜுரம் வந்துவிடும். ‘வாக்’ என்பது ‘வாக்ட்’ ஆகிறது, சரி, ‘கோ’ மட்டும் எதற்கு ‘வென்ட்’ ஆக வேண்டும் என்று என்னிடம் சண்டைக்கு வருவார்கள், ஏதோ நான்தான் மாற்றிவைத்த மாதிரி. ‘டிட் நாட்’ வந்தால் அப்புறம் ‘கோ’தான் வரும், ‘வென்ட்’ வராது என்று சொல்லிச் சொல்லியே எனக்குப் பாதித் தலை நரைத்தது. மனப்பாடம் செய்யவைத்தேன், சுவரில் அட்டை எழுதி ஒட்டினேன். ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை.

கடைசியில் ஒரு சட்டம் போட்டேன். உள்ளே வந்ததும் ஒவ்வொருவரும் நேற்று தான் செய்ததை இங்கிலீஷில் ஐந்து வாக்கியமாகச் சொல்ல வேண்டும். முந்தின நாள் சொன்னதைத் திரும்பச் சொல்லக் கூடாது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பிமல்தா, வெளிநாட்டு மருமகனோடு பேசுவதற்காக அறுபது வயதில் வந்து சேர்ந்தவர். அந்த வயதிலும் என்னை ‘தீதி’, அதாவது அக்கா, என்பார். இரண்டாம் நாளே கையைக் கூப்பிவிட்டார்.

“தீதி, என் வாழ்க்கையில் மொத்தமே நாலு வாக்கியம்தான் இருக்கிறது.”

மூடியிருந்த மிருகக்காட்சி சாலை

அப்படிச் சொன்ன மனிதர் ஒரே வாரத்தில் பிய்த்து உதறினார். கங்கையில் படகில் போனாராம், பழைய சிநேகிதனைப் பார்த்தாராம், அலிப்பூர் மிருகக்காட்சி சாலையில் புலியைப் பார்த்தாராம், புலியும் அவரைப் பார்த்ததாம். எனக்கு ஒரே பெருமை. அப்போதுதான் பின்வரிசையிலிருந்து ஒருவர், நேற்று அங்கே வார விடுமுறை ஆயிற்றே என்று இழுத்தார்.

விசாரித்தால் அத்தனையும் புளுகு! கடை விட்டால் வீடு, வீடு விட்டால் கடை. எனக்கோ கோபம் மூக்கு நுனியில் வந்து நிற்கிறது, ஆனால் வினைச்சொல் ஒன்றுகூடத் தப்பில்லையே, எதைச் சொல்லித் திட்டுவது? மற்றவர்கள் போன பிறகு அவரே தயங்கித் தயங்கிச் சொன்னார். மனைவி இரண்டு வருஷமாகப் படுத்த படுக்கை. இங்கே சொன்ன கதையை வீட்டுக்குப் போய் அந்த அம்மாவுக்கும் வங்காள மொழியில் சொல்கிறாராம். பாவம், அவர்களையுமா ஏமாற்றுகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

“அவளுக்குத் தெரியும் தீதி. இன்றைக்கு எங்கே போனாய் என்று அவளேதான் கேட்கிறாள்.”

செண்பகத்தின் டப்பாக்கள்

செண்பகம் கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், இங்கே எங்கள் தெருவிலேயே குடியிருப்பவள். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை, அவருக்கு பாரதீப் துறைமுகத்துக்கு மாற்றல் வந்துவிட்டது. மகள் பாலிகஞ்சில் ஒரு பள்ளியில் ப்ளஸ் டூ. படிப்பை நடுவில் முறிக்காமல் இங்கேயே முடிக்க வேண்டும் என்று அந்தப் பெண் அழுகிறாள். ஆனால் இந்த ஊருக்கு வந்து மூன்று வருஷமாகியும் செண்பகம் தெருமுனைக் காய்கறிக்காரனைத் தாண்டித் தனியாகப் போனதில்லை.

கணவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். பூஜா லீவுக்கு முன்னால் பள்ளியில் பெற்றோர் கூட்டம் வருகிறது, அதற்குத் தனியாகப் போய் டீச்சரிடம் பேசிவிட்டு வந்தால் நீங்கள் இரண்டு பேரும் இங்கேயே இருங்கள், முடியவில்லை என்றால் எல்லோரும் மூட்டை கட்டலாம் என்று சொல்லிவிட்டார். கையில் இரண்டு மாதம் இருந்தது.

முதல் நாள் ஐந்து வாக்கியம் சொன்னாள். எழுந்தேன், காபி போட்டேன், சமைத்தேன், இரண்டு சாப்பாட்டு டப்பா கட்டினேன், துணி துவைத்தேன். மறுநாளும் அதே காபி, அதே டப்பா. மூன்றாம் நாளும் வந்தபோது என் பாழாய்ப்போன வாய் சும்மா இருக்கவில்லை. எல்லோர் எதிரிலும், வேறு எதுவுமே செய்ய மாட்டாயா என்று சுள்ளென்று கேட்டுவிட்டேன். அவள் அழவில்லை, கோபிக்கவும் இல்லை. அவள் சொன்ன பதிலைக் கேட்டு எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

“வேற ஒண்ணும் நடக்கலைக்கா. நேத்து மட்டும் இல்ல.”

ஒரு வாக்கியத்துக்காக

பிமல்தாவுக்கு மனசு கேட்கவில்லை. என்னை மாதிரி அடித்து விடு, யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று ரகசியமாக யோசனை சொன்னார். செண்பகம் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து அவளுடைய ஐந்தாவது வாக்கியம் மாறியது. நேற்று பஸ்ஸில் ஏறினேன் என்றாள். ஒரே ஒரு ஸ்டாப்பு போய் இறங்கி, பயத்தில் நடந்தே வீட்டுக்குத் திரும்பிவிட்டாளாம். அடுத்த நாள் தபால் ஆபீசில் வரிசையில் நின்றாள். அதற்கடுத்த நாள் இனிப்புக் கடையில் சந்தேஷ் வாங்கினாள், மிச்சக் காசு குறைந்ததைக் கேட்டு வாங்கினாள். தினமும் ஒன்று சேர்ந்தது. காபியும் டப்பாவும் மெல்ல மெல்லப் பட்டியலிலிருந்து கழன்றுகொண்டன. அந்த முதல் பஸ்ஸில் அப்படி என்ன அவசரம், எங்கே போக ஏறினாய் என்று கேட்டேன்.

“எங்கேயும் இல்லக்கா. மறுநாள் இங்க வந்து சொல்ல ஒண்ணு வேணுமேன்னுதான் ஏறினேன்.”

என் முறை

ஒரு நாள் செண்பகமே வாயைத் திறந்து, அக்கா, நீங்கள் நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். எழுந்தேன், வகுப்பு எடுத்தேன், சாப்பிட்டேன், நோட்டுத் திருத்தினேன். அத்தோடு நின்றுவிட்டது. ஐந்தாவதுக்கு விட்டத்தைப் பார்த்தேன். பதினெட்டு வருஷமாக இதே நாலுதான் என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது. சமாளித்துப் பாடத்துக்குத் தாவப் பார்த்தேன், பிமல்தா விடுவாரா?

“சட்டம் எல்லோருக்கும்தானே தீதி?”

பாலிகஞ்ச் போய் வந்த நாள்

பெற்றோர் கூட்டத்துக்கு மறுநாள் காலை செண்பகம் வருவதற்கு முன்பே வகுப்பு முழுக்க வந்து உட்கார்ந்திருந்தது. அவள் எழுந்து நின்றாள். பஸ் ஏறினேன். தப்பான ஸ்டாப்பில் இறங்கினேன். மழை வந்தது. ஒரு போலீஸ்காரரிடம் வழி கேட்டேன். நனைந்துகொண்டே நடந்தேன். அரை மணி தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். டீச்சர் கடகடவென்று பேசினார், எனக்குப் புரியவில்லை, புரியவில்லை என்று அவரிடமே சொன்னேன். அவர் மெதுவாகப் பேசினார். கெமிஸ்ட்ரி மார்க் ஏன் குறைந்தது என்று நான் கேட்டேன். இப்படியே நீண்டுபோய் மொத்தம் பதினாறு வாக்கியம் என்று பிமல்தா விரல் விட்டு எண்ணினார். நடுவில் இரண்டு தப்பு வந்தது, நான் திருத்தவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்ததால் மார்க்கர் பேனாவைத் தேடுகிற மாதிரி மேஜைக்கடியில் குனிந்துகொண்டேன்.

எல்லோருக்கும் தெரிய வேண்டியது ஒன்றுதான். வீட்டில் கணவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். அதற்கு மட்டும் அவள் இங்கிலீஷை விட்டுவிட்டாள்.

“வாயத் திறந்து ஒண்ணும் சொல்லலைக்கா. ஆனா இன்னைக்குக் காலைல காபி அவுகதான் போட்டாக. பாரதீப்ல தனியா இருக்கணும்ல, இப்பவே பழகிக்கிடுதாகளாம்.”

இப்போதெல்லாம் சாயங்காலமானால் நானும் செருப்பை மாட்டிக்கொண்டு எங்கேயாவது கிளம்பிவிடுகிறேன், ஐந்தாவது வாக்கியத்துக்குப் புளுகுகிற அளவுக்கு என் இங்கிலீஷ் இன்னும் தேறவில்லை.