மொகம் நல்லாத் தெரியோணும்

சேலத்துப் பொருட்காட்சியில் அந்த ஆண்டு பலகையால் ஓட்ட வளையம் ஒன்று போட்டிருந்தார்கள். காலில் சக்கரம் கட்டிய ஆறு பெண்கள், மூவர் மூவராக இரண்டு கட்சி. ஒருத்தி முந்திப் போக வேண்டும். எதிர்க்கட்சியார் தோளாலும் இடுப்பாலும் இடித்து மறிப்பார்கள். ஜனங்கள் அவர்களைச் சக்கரக்காரிகள் என்றார்கள். ஆட்டத்துக்கு முன் ஆறு பேரும் ஒரே கிண்ணத்திலிருந்து சக்கரங்களுக்கு எண்ணெய் விடுவார்கள். எதிர்க்கட்சிக்காரியின் முழங்காலுக்கு ஒருத்தி பழஞ்சேலைத் துணியைச் சுற்றிவிட்டு, பிறகு வளையத்தில் அவளையே இடித்துத் தள்ளுவாள்.

வாசலில் மாட்டும் படங்களை எடுக்க, கடைவீதியில் ஸ்டூடியோ வைத்திருந்த என்னை ஆட்டத்தின் மானேஜர் அமர்த்தியிருந்தார்.

சேந்தமங்கலம் பக்கத்துப் பெண் ஒருத்தி அவர்களில் வேகமானவள். "பாத்து அம்மிணி, பல்லு போச்சுன்னா மாப்பிள்ள வரமாட்டான்" என்று வேலியோரம் நின்றவன் ஒருவன் கத்தினான். "உங்க பல்லு பத்தரமுங்களா சாமி?" என்று கேட்டுக்கொண்டே அவள் அவனைக் கடந்து போனாள். அதே வாரம் வளைவில் விழுந்து, வேலிக் கட்டையில் நெற்றிப்பொட்டை இடித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மதியம் ஸ்டூடியோவுக்கு வந்தாள். இடப்பக்கக் கன்னம் வரை கறுத்துக் கன்றியிருந்தது.

"மொகம் நல்லாத் தெரியோணுமுங்ணா. மெட்ராஸ்ல மொதலாளிக்குப் போவோணும். இந்தக் கடுதாசியோட வெச்சு நீங்களே தபால்ல போட்டுருங்க. மானேஜருக்குத் தெரிய வேண்டாமுங்க."

கடிதம் மடித்திருந்தது, ஒட்டவில்லை. பிறர் கடிதத்தை நான் படிப்பதில்லை. படித்திருந்தால் தெரிந்திருக்கும்: அவளுக்குத் தலை சுற்றிக்கொண்டே இருந்தது, மானேஜர் அதை நடிப்பு என்றார், பதினைந்து நாள் ஓய்வு வாங்கித் தர அந்தப் படம் ஒன்றுதான் அவளுக்குச் சாட்சி.

பெண்களின் முகம் நல்லாத் தெரியோணும் என்றால் எங்கள் தொழிலில் ஒரே பொருள்தான். அம்மைத் தழும்பானாலும் கன்றலானாலும், நெகட்டிவில் அந்த இடத்தைக் கூர்ப் பென்சிலால் நிரப்பினால் படத்தில் மறைந்துவிடும். என் நாட்குறிப்பில் அன்று இப்படி இருக்கிறது: 'சக்கரக்காரி படம். பென்சில் வேலை நாற்பது நிமிடம். கன்னம் சுத்தம். திருப்தி. மாலைத் தபாலில் சேர்த்தேன்.'

எட்டாம் நாள் முதலாளியின் பதில் மானேஜருக்கு வந்தது, படமும் அதோடு திரும்பியிருந்தது. மாலை ஆட்டத்துக்கு முன், எல்லோரும் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த இடத்தில் நின்று மானேஜர் படத்தைத் தூக்கிக் காட்டினார்.

"காயமாம். மொகம் நெலா மாதிரி இருக்குதுன்னு மொதலாளி எழுதியிருக்காரு. சக்கரத்தக் கட்டு."

அவள் என்னைப் பார்த்தாள். கேமராவுடன் நான் வளையத்துக்கு அந்தப் பக்கம் நின்றேன். மானேஜரிடம் சொல்ல ஒரு வாக்கியம் போதும். அதை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோதே மணி அடித்துவிட்டது. நான்காவது சுற்றில், யாரும் இடிக்காமலே, அவள் சாய்ந்தாள்.

மறுநாள் பஞ்சில் டர்பன்டைன் தொட்டு நெகட்டிவைத் துடைத்தேன். பென்சில் போக இரண்டு நிமிடம் ஆனது. படம் போட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன். தலையில் கட்டோடு படுத்திருந்தவள், ஒரு கண்ணை மூடிக்கொண்டு படத்தைப் பார்த்தாள். இரண்டு கண்ணாலும் பார்த்தால் எல்லாம் ரெட்டையாகத் தெரிகிறது என்றாள்.

கன்றல் ஒரு நூல் குறையாமல் இருந்தது.

"இதத்தானுங்ணா நான் கேட்டேன்" என்றாள். படத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.