கரி சொட்டும் குளியலறை

ஆவடிக்குப் பக்கத்தில் சேக்காட்டில் அந்த நாளில் எங்கள் எல்லோருக்கும் குளியல் ஓலைத் தட்டிக்குள்தான். வேலிக்கு அந்தப் பக்கம், சகாயம்மாள் வீட்டில் மட்டும் குளிக்கத் தனி அறை. செங்கல் சுவர், மேலே சுண்ணாம்புத் தளம், மூலையில் வெந்நீர் அடுப்பு. பூந்தமல்லியில் ஒரு துரை வீட்டில் வேலை பார்த்த அவள் மாமனார், அங்கே பார்த்ததைப் போலவே கட்டினாராம். பெருமை அவருக்கு. துடைத்துக் கழுவுகிற பாடு சகாயம்மாளுக்கு.

அடுப்புப் புகை தளம் முழுக்கக் கரியாக அப்பியிருந்தது. ஆவி எழும்பினால் கரைந்து சொட்டும். சுவர் அதைவிட மோசம். அவள் புருஷன் அருள்தாஸ் சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர். தேய்த்த கையைச் சுவரில்தான் துடைப்பார். அவர் அப்பாவுக்கும் அதே பழக்கம்.

ஈஸ்டர் வந்தால் சகாயம்மாள் தானே வெள்ளை அடிப்பாள். கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, நீலம் கலந்து, நார்மட்டையால் இழுப்பாள். நான் இந்தப் பக்கம் துணி உலர்த்தியபடி பார்த்துக்கொண்டிருப்பேன். ஈரத்தில் நன்றாகத்தான் இருக்கும். காய்ந்ததும் எண்ணெய்ச் சுவர் சுண்ணாம்பைப் பிடிக்காமல் அப்பளம் அப்பளமாக விட்டுவிடும். சுரண்டுவாள், மறுபடி அடிப்பாள், மறுபடி உதிரும்.

அவளுக்கு ஒரே மகள் ஹில்டா. அவளுக்கு முன்னால் பிறந்தவை தங்கவில்லை. பூந்தமல்லியில் கட்டிக்கொடுத்த ஹில்டா தலைப் பிரசவத்துக்குத் தாய்வீடு வரவேண்டிய வருஷம், சம்பந்தியம்மாள் முதலில் வீட்டைப் பார்க்க வந்தாள். வண்டிப் புழுதி போகக் குளித்துவிட்டு வெளியே வந்தவளின் வெள்ளைச் சேலையில் கறுப்புக் கறுப்பாகச் சொட்டு.

"நல்லா கீது சம்பந்தி உங்க அரண்மனை! குளிக்கப் போயி அடுப்புல பொரண்டாப்பல வரேன். பச்சக் கொழந்தைமேல இது சொட்டினா இன்னா ஆவறது? ரூமைச் சரி பண்ணுங்க, பொண்ணை அனுப்பறேன்."

அன்று முதல் சகாயம்மாளுக்குத் தூக்கம் இல்லை. மகள் வலியில் துடிக்கும்போது தான் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

கொத்தனார் கோவிந்தன் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தான். "எத்தினி வாட்டி அடிச்சாலும் நிக்காதுக்கா. செவுரு எண்ணெயைக் குடிச்சிகினு கீது. பழைய பூச்சு மொத்தமும் கொத்திப் போட்டுப் புதுசா பூசணும். அடுப்பை வெளிய தள்ளிடு."

"அடுப்புமேல கைய வைக்காதே. அது எங்க நைனா வெச்சது" என்றார் அருள்தாஸ்.

"அப்போ உங்க நைனாவே எழுந்து வந்து கரியைத் துடைக்கட்டும்" என்றாள் சகாயம்மாள்.

வேலைக்குப் போகும் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று அவர் கிளம்பிவிட்டார்.

அடுப்பு இருந்த இடத்திலேயே இருக்க, சுவரும் தளமும் புதுப் பூச்சு கண்டன. கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்பு. கோவிந்தன் போகும்போது, "காயற வரிக்கும் உள்ள நெருப்பு மூட்டாதீங்க. ஆவி பட்டா மேல்பூச்சு கயண்டு உழுந்துடும்" என்றான். அருள்தாஸும் தலையாட்டினார். சகாயம்மாள் பூந்தமல்லிக்கு ஆள் அனுப்பினாள்.

அந்தச் சனிக்கிழமை அவள் மாதா கோயிலில் பூ வைத்துவிட்டுத் திரும்பியபோது, அருள்தாஸ் தலை துவட்டிக்கொண்டு நின்றார்.

"இன்னா பண்ணீங்க?"

"சனிக்கெழமையாச்சே. ஒடம்பு ஒரே சூடு. ஒரு அண்டாதான் போட்டேன்."

"பூச்சு?"

"கொஞ்சமாத்தான் உழுந்துச்சி."

கொஞ்சம் இல்லை. தளத்துப் பூச்சில் பாதி தரையில் சேறாகக் கிடந்தது. சுவரில் எண்ணெய் விரல்கள்.

மறுநாள் பூசை முடிந்ததும் ஜட்காவில் சம்பந்தியம்மாள் ஹில்டாவோடு வந்து இறங்கினாள். குளியலறையில் தலையை நீட்டிப் பார்த்தாள். "பிரசவம் எங்க ஊட்லயே ஆவட்டும். ஏறு ஹில்டா" என்றாள்.

சகாயம்மாள் அழவில்லை, கெஞ்சவில்லை. உள்ளே போனாள். பிள்ளைக்கென்று துவைத்து வைத்திருந்த பழந்துணி மூட்டையோடும் பிரசவ மருந்துப் பொட்டலத்தோடும் வந்து ஜட்காவில் ஏறினாள்.

"இன்னா சம்பந்தி இது? பொண்ணு குடுத்த ஊட்ல வந்து தங்குவாங்களா? ஊர்ல நாலு பேரு இன்னா பேசுவாங்க?"

"பேசட்டும். எனக்கு ஒரு மூலையில பாய் போட்டாப் போதும்."

ஹில்டா நகர்ந்து இடம் விட்டாள். அருள்தாஸ் வாசலுக்கு ஓடி வந்தார். "எனக்குச் சோறு?"

"வெந்நி போடத் தெரிஞ்சவருக்கு ஒலை வைக்கத் தெரியாதா?"

ஜட்கா போய்விட்டது.

பேரன் பிறந்து, அவனைக் குளிப்பாட்டி, மகள் எழுந்து நடமாடிய பிறகுதான் சகாயம்மாள் திரும்பினாள். ரொம்பவும் இளைத்திருந்தாள். வேலியோரம் நின்ற என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"ஒரு நாள் கூட அந்த ஊட்ல யாரும் சாப்ட்டியான்னு கேக்கலை, பூங்காவனம். தட்டைக் கூடத் தனியா வெச்சாங்க. ஆனா வலி வந்தப்போ ஹில்டா என் கையைத்தான் புடிச்சிகினு இருந்துச்சி."