ஒரே புகைபோக்கி, இரண்டு யூனிட்

போன மாதம் தபாலில் ஒரு பளபளப்பான புத்தகம் வந்தது. நான் பணம் போட்டிருக்கும் 'பசுமை' ஃபண்டின் ஆண்டறிக்கை. சுற்றுச்சூழலைக் கெடுக்காத கம்பெனிகளில் மட்டுமே முதலீடு என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லித்தான் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். உள்ளே ஒரு பெரிய ஜவுளி நிறுவனத்துக்கு ஒரு முழுப் பக்கம். 'எங்களுக்குப் பட்டுப்புடவை தருபவர்களின் புகை பாதியாகக் குறைந்தது' என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தது. கூடவே ஆரணித் தறி ஒன்றின் படம்.

பாதியா? ஒரே வருஷத்திலா? இட்லி மாவு பாக்கெட்டில் 'ஃப்ரெஷ்' என்று இருந்தாலே திருப்பித் தேதி தேடுகிறவள் நான்.

ஆரணியில் எனக்கு ஒருவரைத் தெரியும். முருகேசன் என்று வைத்துக்கொள்வோம். சொந்தமாகத் தறி வைத்து, பட்டு நூலுக்குச் சாயமும் போட்டு, அதே நிறுவனத்துக்குப் புடவை அனுப்புகிறவர். அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் புடவை சொல்கிற சாக்கில் பஸ் ஏறிவிட்டேன்.

பட்டறைக்குள் நுழைந்தால்... நடுவில் புதிதாக ஒரு செங்கல் சுவர். பூச்சுகூட ஆகவில்லை. சுவரில் ஜன்னல் அளவுக்கு ஓர் ஓட்டை. அந்தப் பக்கம் விறகு அடுப்பு, கொதிக்கிற அண்டா. இந்தப் பக்கம் முருகேசன், ஒரு மேஜை.

ஓட்டை வழியாக ஒரு கை சாயம் போட்ட ஈர நூலை நீட்டியது. அவர் மனைவி செல்வி. முருகேசன் நூலை வாங்கிக்கொண்டு, ஒரு டெலிவரி சலானில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி நீட்டினார்.

"என்ன முருகேசன், வீட்டுக்காரம்மாவுக்கே சலானா?"

"அவங்க வேற யூனிட்டுங்க மேடம்" என்றார், சிரிக்காமல்.

விஷயம் இதுதான். பெரிய கம்பெனிகள் தங்கள் புகைக் கணக்கில் கடையில் ஓடும் ஏசியைப் பற்றி மட்டும் சொன்னால் இப்போது போதாதாம். சரக்கு எந்தப் புகையில் தயாராகிறது என்றும் சொல்ல வேண்டுமாம். நல்லதுதானே? எவ்வளவு விறகு, எவ்வளவு டீசல், எவ்வளவு கரன்ட் என்று கேட்டு அந்த ஜவுளி நிறுவனத்திடமிருந்து முருகேசனுக்கு ஒரு ஃபாரம் வந்தது. மனுஷன் ஒரு சுள்ளி விடாமல் எழுதிக் கொடுத்தார். அடுத்த ஆர்டர் பாதியாக வந்தது.

"உண்மைய எழுதனதே பேஜாரா ஆயிட்ச்சிங்க. அப்புறம் அவங்க கன்சல்டன்ட் வந்தாரு. நேரா சரக்கு குடுக்கறவங்களத்தான் கேப்போம், அடுப்பு உங்க பேர்ல இல்லன்னா ஃபாரத்துல வராதுன்னாரு. ஜல்தியா செவுர எழுப்பி, அடுப்ப செல்வி பேர்ல மாத்திட்டேன். ஆர்டர் திரும்பி வந்துட்ச்சி."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து செல்வியின் குரல்: "பொக மட்டும் செவுரு தாண்டி வந்துகினுதாங்க கீது!"

மேலே பார்த்தேன். கூரை ஒன்று. புகைபோக்கியும் ஒன்று.

எனக்குக் கோபம் வந்தது — முருகேசன் மேல் இல்லை. அவருடைய எட்டுத் தறியை நம்பி எட்டுக் குடும்பம் இருக்கிறது. இந்த யோசனையைச் சொன்னவர் மேல், அதைப் பச்சை எழுத்தில் அச்சடித்தவர் மேல், நம்பிப் பணம் போட்ட என் மேல்.

வீட்டுக்கு வந்ததும் ஃபண்டுக்கு எழுதினேன். ஊரும் பேரும் சொல்லவில்லை. அவ்வளவு ஜாக்கிரதை! ஒரே ஒரு கேள்விதான்: 'சரக்கு தருபவர் வெளியே சாயம் போட்டு வாங்கினால், அந்தப் புகை யார் கணக்கு?'

மூன்றே நாளில் பதில். 'தங்கள் அக்கறைக்கு நன்றி. சம்பந்தப்பட்ட நிறுவனத்தின் கவனத்துக்குக் கொண்டுசென்றுள்ளோம்.' என்னமோ சாதித்துவிட்ட மிதப்பில் அன்று காபிக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை கூடுதலாகப் போட்டுக்கொண்டேன்.

நேற்று முருகேசன் போன் செய்தார்.

"பொடவ ரெடிங்க மேடம். ஆனா புதுசா ஒரு பேஜாரு வந்துகீது. வெளியில சாயம் போடறவங்களும் இனிமே ஃபாரம் எழுதணுமாம். செல்வி உண்மைய எழுதனா ஆர்டர் பூடும். எழுதலன்னாலும் பூடும். அந்த கன்சல்டன்ட் இன்னொரு செவுரு எழுப்பச் சொல்றாரு... எடம் எங்கங்க கீது? எவரோ ஒரு முதலீட்டாளர் கேள்வி கேட்டாராம். யாருங்க அந்தப் புண்ணியவான்?"

புடவையின் பார்டர் என்ன கலர் என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன்.

பெயர்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். ஆனாலும் அவருக்குத் தெரிந்துவிடும் — இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்.