கதவுக்கு வெளியே கேட்ட ஜெபம்

எனக்கு நோய் வந்த இடத்தைச் சொல்லவே வாய் வராது. மலக்குடலில் புற்றுநோய். அதனால்தான் இந்தச் சாட்சியைச் சொல்ல இரண்டு வருடம் பிந்திவிட்டேன். கர்த்தர் என்னை மன்னிப்பாராக.

என் பெயர் விமலா. செங்கலடியில் வீட்டோடு தையல் வேலை செய்கிறேன். கணவர் மேசன். நோய் தெரிந்த வருடம் மாசி மாதம் ஒப்பரேஷன் செய்து கட்டியை எடுத்தார்கள். காயம் ஆறியதும் டொக்டர், "மிச்சம் மீதி இருந்தா அதையும் அழிக்க வேணும் அம்மா. இருபத்தைந்து நாள் கதிர் சிகிச்சை. அதோட காலையும் பின்னேரமும் விழுங்க கீமோ குளிசை" என்றார்.

முதல் இரண்டு கிழமையும் தாங்கினேன். மூன்றாம் கிழமை என் உடம்பு என் சொல் கேட்கவில்லை. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதினைந்து தடவை வயிற்றோட்டம். ஒவ்வொரு தடவையும் நெருப்பில் இருந்து எழும்புவது போல எரிந்தது. தோல் உரிந்து, உடுப்புப் பட்டாலே உயிர் போனது. உள்ளங்கை சிவந்து வெடித்து, ஊசியைக்கூடப் பிடிக்க முடியவில்லை. உட்கார முடியாமல் பஸ்ஸில் நின்றுகொண்டே மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன்.

ஒருவருக்கும் சொல்லவில்லை. டொக்டர் ஆம்பிளை. சொன்னால் சிகிச்சையை நிறுத்திவிடுவார்கள், நோய் திரும்பிவிடும் என்ற பயம் வேறு. கணவர் கேட்டால் "சுகம்தான்" என்பேன்.

ஒரு புதன்கிழமை, சிகிச்சை முடிந்து திரும்பும் வழியில், பஸ் ஏறாவூரை நெருங்கும்போது அடக்க முடியவில்லை. சேலை நனைந்துவிட்டது. பக்கத்தில் நின்ற பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினாள். நான் இறங்கிவிட்டேன். சித்திரை வெயிலில் செங்கலடி வரைக்கும் மதிலோரமாக நடந்தேன். தெரிந்தவர் யாரும் எதிரே வரக்கூடாது. அது மட்டும்தான் என் ஜெபம்.

வீட்டுக்கு வந்து கழிப்பறைக் கதவைப் பூட்டினேன். வீட்டில் ஆளில்லை என்று நினைத்து வாய்விட்டுக் கதறினேன்.

"ஆண்டவரே, என்னால ஏலாது. இந்த நாத்தத்தோட என்னை ஏன் வெச்சிருக்கிறீங்க? நாளைக்கு நான் போகமாட்டன். குளிசையையும் எறியப்போறன். என்னைச் சுகப்படுத்துங்க, இல்லாட்டி எடுத்துப்போடுங்க."

எவ்வளவு நேரம் அந்தத் தரையில் கிடந்தேனோ தெரியாது.

கதவைத் திறந்தால் கணவர் நின்றார். சீமெந்து வராததால் வேலை நின்று, நேரத்தோடு வந்திருக்கிறார். கண் சிவந்திருந்தது.

"எல்லாம் கேட்டுட்டன் விமலா. என்னட்ட ஏன் மறைச்ச?"

நான் தடுக்கத் தடுக்க, அந்தச் சேலையை அவரே கிணற்றடியில் கழுவினார்.

அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்தார். நேர்ஸ் வழமைபோல "எப்படி அம்மா?" என்றதும் நான் "சுகம்" என்று சொல்ல முதலே, "இல்ல மிஸ், இவ பொய் சொல்றா" என்றார் கணவர். நான் உடைந்து அழுதேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

நேர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இது கன பேருக்கு வாறதுதான் அம்மா. மருந்து இருக்கு. ஏன் தனியக் கிடந்து துடிச்சீங்க?"

உடனே வார்ட்டில் சேர்த்து சேலைன் ஏற்றினார்கள். உடம்பில் நீர் வற்றிவிட்டது, இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார் டொக்டர். சில நாள் ஓய்வு தந்து, வயிற்றோட்டத்துக்கும் புண்ணுக்கும் மருந்து தந்து, குளிசையின் அளவைக் குறைத்து, திரும்பத் தொடங்கினார்கள். நானும் கைவிடவில்லை. இருபத்தைந்து நாளையும் முடித்தேன்.

இன்றும் முழுச் சுகம் என்று சொல்லமாட்டேன். சாப்பிட்டவுடன் கழிப்பறைக்கு ஓடுகிற நாட்கள் உண்டு. ஆனால் போன மாதச் சோதனையிலும் நோயைக் காணவில்லை. கர்த்தருக்கே ஸ்தோத்திரம். நான் சாகக் கேட்டேன். அவரோ என் கணவரை அந்த நேரத்துக்கு வீட்டுக்கு அனுப்பினார். அதைத் தற்செயல் என்று சொல்ல என்னால் முடியாது.

சகோதரங்களே, அழகான வார்த்தை தேடி நில்லாதீர்கள். வேதனையை அப்படியே அவரிடம் கொட்டுங்கள். அவர் கேட்கிறார். நான் இப்போது கிழமைக்கு ஒரு நாள் கிளினிக்கில், புதிதாகச் சிகிச்சை தொடங்கும் பெண்களோடு இருக்கிறேன். உங்களில் யாருக்காவது டொக்டரிடம் வாய் திறக்க வெட்கமாக இருந்தால் ஒரு சொல் சொல்லுங்கள். கூட வருகிறேன்.